சுடுநீர்த் தொட்டியும் முப்பது மில்லி அம்பியரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீராடுதல் நெடுங்காலம் கிணற்றடியிலேயே நிகழ்ந்து வந்தது. துலாவும் கப்பியும் வழங்கிய நாள்களில் கிணற்றடியின் ஆபத்துக்கள் யாவும் கண்ணுக்குத் தெரிவனவாயிருந்தன. பாசி பிடித்த கட்டு, நைந்த கயிறு, கிணற்றின் ஆழம் ஆகியவற்றைச் சிறு பிள்ளைக்கும் சுட்டிக்காட்டி எச்சரித்துவிடலாம். நீரிறைக்கும் மோட்டர் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தும் அதனோடு கூடவே வந்து சேர்ந்தது. அதனைக் குறித்து எச்சரிக்கும் மரபு மட்டும் எங்களிடையே உருவாகவில்லை. 1990ஆம் ஆண்டின் பின்னர் பல ஆண்டுகள் மின்சாரமே இன்றி வாழ்ந்த மக்கள், அது மீண்டு வந்தபோது எரிகின்ற குமிழைக் கண்டு மகிழ்ந்தார்களேயன்றி, சுவரினுள்ளே ஓடும் கம்பிகளின் ஒழுங்கைப் பற்றி அக்கறை கொள்ளவில்லை. அதனைக் குறையென்று கூறவும் என் மனம் ஒப்பவில்லை.

இவ்விடயம் என் சிந்தையில் ஊன்றியதற்கு ஒரு சுடுநீர்த் தொட்டியே காரணம். அம்மாவுக்கு முழங்கால் வலி. இதமான சுடுநீரில் சிறிதுநேரம் அமர்ந்திருந்தால் வலி தணியும் என்று யாரோ கூற, ரொறன்ரோவில் வாழும் அண்ணன் அதனைப் பற்றிக்கொண்டார். அவருடைய வீட்டின் பின்புறத்தில் அத்தகைய தொட்டியொன்று உண்டு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவர் கழுத்தளவு சுடுநீரில் அமர்ந்திருக்கும் படத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதுபோன்ற ஒன்றை அம்மாவுக்கும் அமைத்துத் தருவதென்று அவர் முடிவு செய்தார். பங்குனி வெயிலில் வீதித் தார் இளகும் ஊரில் சுடுநீர்த் தொட்டி என்றதும் அயலவர் நகைத்தனர். அம்மாவும் நகைத்தார், ஆயினும் மறுக்கவில்லை. பதினொரு ஆண்டுகளாக வீட்டுக்கு வந்திராத மகன் தரும் பொருளை மறுப்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று.

விடுமுறையில் வீட்டில் நின்ற நானே வேலையை மேற்பார்வை செய்ய வேண்டியவனானேன். நான் கலைப்பீடத்து மாணவன். மின்னியலில் என் அறிவு க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தோடு நின்றுவிட்டது. உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி என்ற மூன்று பெயர்களே அதில் எஞ்சியிருந்தன. இவற்றுள் நொதுமல் என்ற சொல்லை நான் பின்னர் சங்க இலக்கிய வகுப்பில் மீண்டும் சந்தித்தேன். அகத்திணையில் நொதுமலர் என்போர் அயலார்; தலைவியைப் பெண்கேட்டு வரும் அயலாரின் வரவை நொதுமலர் வரைவு என்பர். எவர் பக்கமும் சாராத கம்பிக்கு இப்பெயரைத் தெரிந்து வைத்த எங்கள் கலைச்சொல்லாக்கத்தார் தமிழறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பெயர் எவ்வளவு சிறந்ததாயினும், அந்தக் கம்பி எங்கள் வீட்டுச் சுவரில் எங்கே ஓடுகின்றது என்பதை அப்பெயரைக் கொண்டு அறிய முடியாதே.

முதலில் ஒரு சிக்கல் எழுந்தது. தொட்டியைக் கனடாவிலேயே வாங்கிப் பொதியாக அனுப்பலாம் என்று அண்ணன் எண்ணினார். அந்நாட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் 240 வோல்ற்றில் இயங்குபவை. எங்கள் நாட்டில் 230 வோல்ற். வேறுபாடு அற்பம் என்பது அவர் வாதம். எண்களை மட்டும் நோக்கினால் அவ்வாறுதான் தோன்றும். ஆனால் அங்கே வீட்டுக்கு இரண்டு உயிர்க்கம்பிகளும் ஒரு நொதுமற்கம்பியும் வருகின்றன. உயிர்க்கம்பிகள் இரண்டுக்கும் இடையிலே 240 வோல்ற் இருப்பினும், ஏதேனும் ஒன்றுக்கும் நிலத்துக்கும் இடையில் இருப்பது 120 வோல்ற் மாத்திரமே. எங்கள் வீடுகளுக்கு வரும் ஒற்றை உயிர்க்கம்பியோ நிலத்துக்கு எதிராக முழு 230 வோல்ற்றையும் தாங்கி நிற்கின்றது. அத்தொட்டியின் உறுப்புக்கள் சில 120 வோல்ற்றை வேண்டி நிற்பன. அதனை இங்கே எடுப்பதற்கு வழியில்லை. அங்கே விநாடிக்கு 60 சுற்றாக மாறும் மின்னோட்டம் இங்கே 50 சுற்றாக மாறுவதால் பம்பியும் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். இவற்றைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. நீரில் நனைந்த மனித உடலின் தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று கொள்வோமாயின், அண்ணன் வீட்டில் ஒரு பழுது அவருடைய உடலினூடாக 120 மில்லி அம்பியரைச் செலுத்தக்கூடும். அதே பழுது எங்கள் வீட்டில் அம்மாவின் உடலினூடாக 230 மில்லி அம்பியரைச் செலுத்தும். தொட்டி ஒன்றேயாயினும் ஆபத்து இருமடங்கு.

மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை முறையாக அளந்தறிந்தவர்களுள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சாள்ஸ் டால்சியல் முதன்மையானவர். உயிர்க்கம்பியைப் பற்றிய கை தானே அதனை விட்டுவிடக்கூடிய எல்லை யாது என்பது அவர் எழுப்பிய வினா. மாறுமின்னோட்டம் கைத்தசைகளைச் சுருக்கி இறுகச் செய்வதால், ஓர் அளவுக்கு மேல் மனிதன் விரும்பினாலும் பிடியை விட இயலாது. தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு அவர் செய்த சோதனைகளில் அவ்வெல்லை ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி அம்பியராகவும் பெண்களுக்கு 10.5 மில்லி அம்பியராகவும் காணப்பட்டது. ஐம்பது மில்லி அம்பியரளவு ஒரு விநாடிக்கு மேல் நெஞ்சினூடாகச் சென்றால் இதயத்தின் ஒழுங்கான துடிப்பே குலைந்துபோகலாம்.

இனி எங்கள் வீட்டுச் செருகியிலுள்ள உருகியை நோக்குக. அது 13 அம்பியர் உருகி. அதாவது 13,000 மில்லி அம்பியர். ஐம்பதில் மனிதன் மடியத்தக்க இடத்தில் பதின்மூவாயிரத்தைத் தாண்டினாலன்றி விழித்தெழாத காவலன் அது. உருகி காப்பது கம்பியை. கம்பி சூடேறி வீடு தீப்பற்றாமல் தடுப்பதே அதன் தொழில். மனிதனைக் காப்பது அதற்கு விதிக்கப்பட்ட தொழிலன்று. இதனை அறியாத காரணத்தால் எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு நிகழ்ந்தது. நான் எட்டாம் வகுப்பிற் படித்த காலம். அயலிலே வெங்காயத் தோட்டம் செய்த ஒருவர் ஈரநிலத்தில் நின்றவாறு மோட்டர் வயரை இழுத்து ஒதுக்கியபோது விழுந்தார். பின்னர் பார்த்தபொழுது உருகி போகவில்லை, மோட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. வாய்க்காலில் நீர் பாய்ந்துகொண்டிருந்தது. செருப்புப் போட்டிருக்கலாம் என்றார் சிலர். காலம் வந்துவிட்டது என்றார் வேறு சிலர்.

வயரிங் வேலைக்கு வந்தவர் அனுபவசாலி, நல்ல மனிதர். தொட்டிக்கெனத் தனிக் காவற்கருவி ஒன்று வேண்டும் என்று நான் கூறியபோது அவர் சிரித்தார்.

“தம்பி, உதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நான் இஞ்ச இருபத்தைஞ்சு வருசமா வயரிங் செய்யிறன். நல்ல பியூஸாப் போட்டுவிட்டாக் காணும்.”

“வீட்டிலை ட்ரிப் சுவிச் இருக்குத்தானே அண்ணை, அது வேலை செய்யுதோ எண்டாவது ஒருக்காப் பாப்பம்” என்றேன்.

அதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் அழுத்தினார். பின்னர் பிரதான ஆளியை நிறுத்தி மூடியைக் கழற்றியபோது உண்மை வெளிப்பட்டது. ட்ரிப் சுவிச்சினுள்ளே செல்லவேண்டிய கம்பிகள் அதனைத் தொடாமலே ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தன. பெட்டியில் அது வெறும் அலங்காரமாக வீற்றிருந்தது. அம்மாவிடம் வினவினேன்.

“அது மாரிக்கு நெடுக விழுந்துகொண்டிருந்தது தம்பி. மோட்டர் போடேலாது, தண்ணியில்லை. ஒருதர் வந்து திருத்திவிட்டவர். அதுக்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை.”

இரண்டு மாரிகள் அவ்வாறு கழிந்திருந்தன. அவ்விரண்டு மாரியிலும் அம்மா நாள்தோறும் கிணற்றடித் தொட்டியருகே நின்று குளித்திருக்கிறார். மோட்டரைப் போட்டு நிறுத்தியிருக்கிறார். திருத்திவிட்டவர் என்ற அம்மாவின் சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. வயரிங்காரரும் சிறிதுநேரம் பேசாது நின்றார். அதன்பின் அவர் எதனையும் வெளிநாட்டுக் கதை என்று கூறவில்லை.

நாங்கள் ட்ரிப் சுவிச் என்று வழங்கும் கருவி எச்ச மின்னோட்டச் சுற்றுடைப்பான் எனப்படும். அதன் தத்துவம் வியக்கத்தக்க அளவு எளியது. உயிர்க்கம்பியால் வீட்டினுள்ளே சென்ற மின்னோட்டம் முழுவதும் நொதுமற்கம்பியால் மீண்டுவரல் வேண்டும். இரு கம்பிகளும் ஒரு காந்த வளையத்தினூடாகச் செல்கின்றன. சென்றதும் மீண்டதும் சமமாயின் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். இடையிலே சிறிதளவு வேறு வழியாக, ஒரு மனித உடலினூடாகவோ நனைந்த சுவரினூடாகவோ, நிலத்துக்குள் ஒழுகிப்போனால் கணக்கு ஒவ்வாது. கடை மூடும் நேரத்தில் ஒரு சதம் குறைந்தாலும் பேரேட்டை மூடாத பழைய கணக்கப்பிள்ளையைப் போல, 30 மில்லி அம்பியர் குறைந்தால் அது சுற்றை உடைத்துவிடும். 30 மில்லி அம்பியர் ஒழுக்குக்கு விநாடியில் பத்தில் மூன்று பங்கினுள்ளும், அதனின் ஐந்து மடங்காயின் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கினுள்ளும் உடைத்தல் வேண்டுமென்பது நியமம். இத்தகைய கருவியொன்றை டால்சியல் 1961இல் உருவாக்கினார். அமெரிக்காவின் மின்னமைப்பு விதிக்கோவை இதனை முதலிற் கட்டாயமாக்கியது நீச்சற் குளங்களின் நீரடி விளக்குகளுக்கே, அது 1968இல். நீருக்கு அருகே மனிதன் வேறெங்குமில்லாத அளவு காப்பற்றவன் என்பதை அவ்விதிக்காரர் உணர்ந்திருந்தனர். அங்கே இக்கருவி ஏறத்தாழ ஐந்து மில்லி அம்பியரிலேயே உடையும், இங்கே முப்பது. எங்கள் கருவி மின்தாக்கத்தை அடியோடு தடுப்பதன்று. தாக்கம் தாக்கவே செய்யும். அது நீடிக்கும் காலத்தையே கருவி சுருக்குகின்றது. ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறு கையால் நொதுமற்கம்பியையும் பற்றியவனை அது காக்கவும் மாட்டாது. ஏனெனில் அங்கே கணக்குச் சரியாகவே இருக்கும்.

ஆதலின் ட்ரிப் சுவிச் மாத்திரம் போதுமானதன்று. மின்சார சபை எங்கள் வீட்டுக்குத் தருவன இரு கம்பிகளே. புவித்தொடுப்பை வீட்டுக்காரரே நிலத்தில் ஒரு கோலை இறக்கி ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும். எங்கள் பகுதியில் செம்மண் சில அடி ஆழத்திலே முடிந்து சுண்ணக்கல் தொடங்கிவிடுகின்றது. கல்லில் முட்டிய கோல் பாதியில் நின்றுவிட, மீதியை வெட்டி எறிந்துவிட்டுச் செல்வோரும் உளர். எங்கள் கோலை வயரிங்காரர் கருவி கொண்டு அளந்தபோது 140 ஓம் காட்டியது. உயிர்க்கம்பி மோட்டரின் உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 140ஆல் வகுத்தால் 1.64 அம்பியர். 13 அம்பியர் உருகி இதனை உணரவே மாட்டாது. மோட்டரின் இரும்புடல் யாரேனும் தொடும்வரை 230 வோல்ற்றோடு காத்திருக்கும். ட்ரிப் சுவிச் உயிரோடு இருக்குமாயின், 30 மில்லி அம்பியர் ஒழுகத் தொடங்கும்போதே அது உடைந்துவிடும். அவ்வளவு மின்னோட்டம் 140 ஓமில் எழுப்பக்கூடிய அழுத்தம் 4.2 வோல்ற் மாத்திரமே. கைவிளக்கு மின்கலங்கள் மூன்றின் அழுத்தத்துக்கும் அது குறைவு. ஏழாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க இந்த வகுத்தலையும் பெருக்கலையும் செய்து முடித்தபோது, வெங்காயத் தோட்டத்து மனிதரின் மரணம் எனக்கு முதன்முறையாக விளங்கியது. அதில் விதி இல்லை.

இன்னொரு புறம் எங்கள் நீர். குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. கேத்தலில் வெண்படிவு படியாத வீடு அரிது. சூடாக்கியின் மூலகத்திலும் அப்படிவு தடித்துப் படியும். படிந்த இடத்தில் வெப்பம் நீருக்குள் இறங்க இயலாமல் மூலகத்தின் உறையிலேயே தேங்கி, நாளடைவில் உறை வெடிக்கும். வெடித்த உறையினூடாக மின் நீருக்குள் ஒழுகும். உப்புக் கலந்த நீர் மின்னை நன்கு கடத்துமாகையால், நன்னீர்ப் பிரதேசத்துக்கு எழுதப்பட்ட கையேட்டை அப்படியே நம்பி நாம் இருந்துவிடலாகாது. ஆண்டுக்கொரு முறை மூலகத்தைக் கழற்றிப் படிவை அகற்றுவதென்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

தொட்டியை இறுதியில் கொழும்பிலே வாங்கினோம். அதன் சூடாக்கி மூன்று கிலோவாற். அது தனித்தே 13 அம்பியரை இழுக்கும். பம்பியின் பங்கு மேலும் மூன்று அம்பியருக்குக் கிட்டியது. சாதாரணக் குதையில் செருகி இயக்கக்கூடிய பொருளன்று அது. பிரதான பெட்டியிலிருந்து வேறெதற்கும் கிளைவிடாத தனிச் சுற்றொன்றை 7/1.04 கம்பியால் இழுத்தோம். அதற்கெனத் தனிச் சுற்றுடைப்பானும், தனி 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் அமைந்தன. தனி ட்ரிப் சுவிச் வேண்டியதற்குக் காரணம் உண்டு. வீடு முழுவதற்கும் ஒன்றே இருப்பின், எங்கோ ஒரு மூலையில் ஏற்படும் ஒழுக்கு முழு வீட்டையும் இருளாக்கும். இருளில் இருப்போர் விரைவிலேயே ஒரு ‘திருத்துநரை’ அழைத்துவிடுவர். உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் ஒருங்கே துண்டிக்கும் இருமுனை ஆளி குளியலறைக்கு வெளியே, கதவருகே பொருத்தப்பட்டது. நீரில் இருப்பவர் கைநீட்டித் தொடமுடியாததும், வெளியே நிற்பவர் ஓடிவந்து நிறுத்தத்தக்கதுமான இடம் அது. குளியலறையில் குதை இருத்தலாகாது. பிரித்தானிய விதிகள் குளியற் பகுதியின் எல்லையிலிருந்து மூன்று மீற்றருக்குள் அதனைப் பல ஆண்டுகள் விலக்கியிருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டரை மீற்றராக்கியது. எங்கள் குளியலறை முழுவதும் இரண்டரை மீற்றருக்குள் அடங்கிவிடும்.

வயரிங்காரர் மெய்யான ஆர்வத்தோடு செய்த வேலை சமவழுத்தப் பிணைப்பாகும். மின்கம்பியில் அமரும் காகம் சாவதில்லை. அதன் இரு கால்களும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. அதன் சிறகு மற்றொரு கம்பியையும் தொட்டால்தான் ஆபத்து. குளிப்பவரையும் அக்காகத்தின் நிலையிலே வைத்தல் இப்பிணைப்பின் நோக்கம். பம்பியின் உடல், தொட்டியின் இரும்புச் சட்டம், யன்னற் கம்பிகள், நிலக் கொங்கிறீற்றினுள் கிடக்கும் இரும்பு வலை என அம்மாவின் கையோ காலோ படக்கூடிய உலோகம் யாவற்றையும் தடித்த பச்சை மஞ்சட் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துப் புவிக்கம்பியோடு சேர்த்தார். பழுதொன்று நேர்ந்தாலும் அவையனைத்தும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்குமாதலால் இரண்டுக்கும் இடையிற் சிக்குவதற்கு இடமிராது. நிலத்துக்கு ஓடு பதிக்குமுன் செய்தாலன்றி இதனைச் செய்ய இயலாது. மேசன்மார் இரண்டு நாள் காத்திருந்து முணுமுணுத்தனர். இரண்டாவது புவிக்கோலுக்கு, சுண்ணக்கல்லில் ஒரு பிளவு தேடி அரைநாள் தோண்டவேண்டியிருந்தது. இவை யாவற்றுக்கும் ஆன செலவு தொட்டியின் விலையில் இருபதில் ஒரு பங்கையும் எட்டவில்லை. இவ்விடத்து ஒன்றைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை: ஒன்ராறியோவில் இத்தகைய தொட்டியை அமைப்பதாயின் மாகாண மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துச் சோதனைக்கு உட்படல் வேண்டும். இங்கே எங்கள் குளியலறையைச் சோதித்தவர்கள் ஒரு வயரிங்காரரும் ஒரு தமிழ் மாணவனுமே.

வேலை முடியுமுன், மாரியில் முன்னைய ட்ரிப் சுவிச் ஏன் விழுந்துகொண்டிருந்தது என்பதையும் தேடினோம். கிணற்றடி மோட்டருக்குச் சென்ற வயர் மாமரத்துக் கிளையில் உராய்ந்து, ஓரிடத்தில் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. மழை பெய்யும்போது மின் மரத்தினூடாக நிலத்துக்கு இறங்கியிருக்கின்றது. கருவி இரண்டு மாரிகளுக்கு முன்னர் சொல்ல முயன்றதும் அதுவே. மேலும் அவ்வயர் இரு கம்பி வயர். மூன்று முள் செருகியின் புவிமுள் வெறுமனே நின்றது. எங்கள் வீடுகளில் குதையின் புவித்துளைக்குள் பேனாமூடியைச் செருகி, இரண்டு முள் செருகியை ஏற்றும் வித்தை பிள்ளைகளுக்கும் தெரியும்; புவிமுள் எதற்காக அங்கே இருக்கின்றது என்பது பெரியவர்களுக்கும் தெரியாது. மோட்டருக்கு மூன்று கம்பி வயரைக் குழாயினுள்ளே இட்டு நிலத்தின் கீழாகக் கொண்டுசென்றோம். பழைய ட்ரிப் சுவிச்சின் இடத்தில் புதியது பொருத்தப்பட்டது.

தொட்டி முந்நூறு லீற்றர் கொள்ளும். 28 பாகையில் இருக்கும் நீரை 38 பாகைக்கு ஏற்ற மூன்றரை அலகு மின்சாரமும் எழுபது நிமிடமும் வேண்டும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு பரிந்துரைத்த மேலெல்லை 40 பாகை. அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் உண்டாகையால் நாங்கள் 38ஐத் தாண்டுவதில்லை. மூன்றரை அலகு என்றதும் அம்மா மாதத்துக்கு எவ்வளவு வரும் என்று விரல்மடித்துப் பார்த்து, வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று தீர்மானித்துவிட்டார். மாதத்தின் முதல் நாளில் இரண்டு சோதனைப் பொத்தான்களையும் அழுத்திப் பார்ப்பது அவருடைய பொறுப்பு. அன்று பஞ்சாங்கக் கலண்டரில் சிறிய புள்ளியொன்று இடுவார்.

கார்த்திகை மழையின்போது விடுதிக்கு அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தது.

“தம்பி, அது விழுந்துபோச்சு. வீட்டுக்குரியது. தொட்டியின்ரை நிக்குது. நான் ஒண்டிலையும் கை வைக்கேல்லை, ஆரையும் கூப்பிடவுமில்லை.”

ஒவ்வொரு சுற்றாக நிறுத்திப் பார்க்குமாறு கூறினேன். வெளிவிறாந்தை விளக்குச் சுற்றை நிறுத்தியதும் ட்ரிப் சுவிச் மேலேறி நின்றது. மறுநாள் வயரிங்காரர் வந்து விளக்கின் இணைப்புப் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே ஈரமும், இரு கம்பிகளுக்கிடையே கருகிய பல்லி ஒன்றும் கிடந்ததாம்.